கன்றுக்குட்டிகளின் வாளி

பாலைச் சாக்கடையில் ஊற்றப் பெரியவளுக்குக் கை வராது. புல்லைப் பாலாக்குகிறவர் கடவுள், அதை எடுத்து வடிகாலில் விட நாம் யார் என்பாள். மாட்டுக்கு மடிவீக்கம் வந்து காம்பு வழியாக மருந்து ஏற்றினால், அதற்குப் பிறகு சில நாட்கள் கறக்கும் பாலை யாருக்கும் விற்கக்கூடாது, சீஸிலும் சேர்க்கக்கூடாது, கொட்டிவிட வேண்டும். அவள் விற்கவில்லை, சேர்க்கவும் இல்லை. கொட்டவும் மனமில்லாமல், தொழுவத்தின் கோடியில் கட்டியிருந்த கன்றுக்குட்டிகளுக்குக் கொடுத்தாள். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போய்விடப் போகிறது?

வாயில்லாத ஜீவன்களுக்குக் கொடுப்பதை ஏனோதானோ என்று கொடுக்கவும் அவளுக்குத் தெரியாது. சில்லென்ற பால் குட்டிகளின் வயிற்றை இழுத்துப் பிடிக்கும். தொழுவத்தில் அடுப்பு இல்லை. சீஸ் செய்யும் அறையில் வெந்நீர்த் தொட்டி இருந்தது. எனவே கன்றுக்குட்டிகளின் வாளி காலையும் மாலையும் அந்த அறைக்குள் வந்து, வெந்நீரில் சற்று நேரம் உட்கார்ந்து சூடேறி, பிறகு தொழுவத்துக்குப் போகும். குட்டிகள் வாளிக்குள் முகத்தை விட்டு, உள்ளும் புறமும் நக்கித் தள்ளும். குடிக்கத் தெரியாத குட்டிக்கு அவள் தன் விரலைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுப்பாள். எல்லாம் முடிந்ததும் வாளியைத் தண்ணீர் விட்டு அலசி, மீண்டும் சீஸ் அறை முக்காலியிலேயே கவிழ்த்து வைப்பாள். கைகளை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வாள். வாளியைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வீட்டில் தொழில் நாலு பேருக்கும் பங்கு. அவள் கணவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டார். சீஸ் செய்வது அவள் வேலை. கணவரின் தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், தெருமுனைக் கடையில் விற்றான். கொழுந்தனின் மனைவியைத்தான் எல்லாரும் சின்னவள் என்பார்கள். கட்டிகளைத் தாளில் சுற்றிச் சீட்டு ஒட்டுவது அவள்.

"எங்க அண்ணி சீஸைக் குளிப்பாட்டி, துவட்டி, தூங்க வைக்கிறாங்க" என்று கொழுந்தன் கடைக்கு வருகிறவர்களிடம் அளப்பான். "நான் ஒரு வாய் சோறு கேட்டா, எடுத்துப் போட்டுக்கன்னுடுவாங்க."

அவன் சொன்னதில் பாதி உண்மை. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் அது. கட்டிகளை மரப்பலகைகளில் வரிசையாக வைத்து, உப்புநீரில் நனைத்த துணியால் அடிக்கடி துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் முதிர்ந்த கட்டிகள். பிறகு அதே துணியோடு, அதே உப்புநீரோடு இளசுகள். முதிர்ந்ததன் தோலில் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நல்ல உயிர்கள் இப்படித்தான் இளசுக்கு ஏறும். நிறமும் வாசனையும் கூடவே வரும். அந்த உப்புநீர்க் கிண்ணத்துக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான்.

ஒவ்வொரு கட்டியையும் வெட்டும்போது முதல் துண்டு சின்னவளுக்கு. அது பெரியவள் தானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

"தோலோட சாப்பிட்டாத்தான் அக்கா அது சீஸ்" என்பாள் சின்னவள். "தோலைச் சீவிட்டுத் தின்கிறவங்களுக்கு எதுக்கு இது? பேசாம வெண்ணெய் வாங்கிக்கலாம்."

அந்தச் சின்னவளுக்குத்தான் காய்ச்சல் வந்தது. முதலில் நீர்க்கடுப்பு என்றாள். தண்ணீர் நிறையக் குடித்தால் போய்விடும் என்று படுத்துக்கொண்டாள். மறுநாள் இடுப்புக்கு மேலே முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். போர்த்திய போர்வையோடு சேர்ந்து கட்டிலும் நடுங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். பெரிய மருந்து, நாளைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்றார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை.

பெரியவள் ரொட்டியும் சூப்பும் எடுத்துக்கொண்டு வந்தபோது, வார்டுக்கு வெளியே கொழுந்தனிடம் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். உயரமான பெண். களைத்த முகம், ஆனால் பேச்சில் அவசரம் இல்லை.

"கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. சிறுநீரகத்துலேருந்து போயிருக்கு. நாங்க கொடுக்கிற மருந்து அதை அசைக்கக்கூட இல்லை."

"அசைக்கலைன்னா?" என்றான் கொழுந்தன்.

"சில கிருமிகளுக்கு மருந்து பழகிப்போயிருக்கும். எது வேலை செய்யும்னு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். ஆனா முடிவு வர்ற வரைக்கும் அவங்க தாங்கணும். ரத்த அழுத்தம் இறங்கிட்டே வருது."

பெரியவளின் கையில் தூக்குப் பாத்திரம் கனத்தது. சுவரில் சாய்ந்தாள். மருந்து கொடுத்தால் நோய் போகும் என்பதை, விளக்கைப் போட்டால் வெளிச்சம் வரும் என்பதைப் போல நம்பியிருந்தவள் அவள். விளக்கைப் போட்டும் இருட்டாகவே இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"இவங்க இதுக்கு முன்னாடி அடிக்கடி ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"தலைவலிக்கே மாத்திரை போட மாட்டா."

"வெளியூர் ஆஸ்பத்திரி ஏதாவது?"

"இல்லை."

"வீட்டுல ஆடு மாடு?"

"மாடு இருக்கு, டாக்டர். ஆனா பால்ல மருந்துப் பேச்சே கிடையாது. மருந்து கலக்காத பால்னு கடை போர்டுலயே எழுதி வெச்சிருக்கோம்."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மடிவீக்கம் வந்த மாட்டின் பாலைக் கொட்டிவிடுகிறார்கள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். டாக்டர் தலையசைத்துவிட்டுத் திரும்பினார். அவர் எடுத்து வைத்த இரண்டு அடிக்குள் பெரியவளின் மனம் எங்கெங்கோ ஓடித் திரும்பியது. சம்பந்தம் இருக்குமோ இருக்காதோ, படிக்காத நாம் வாயைத் திறந்து அசடு வழிய வேண்டாம் என்றது ஒரு மனம். இவன் முகத்தில் இனி எப்படி விழிப்பாய் என்றது இன்னொன்று. வார்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், போர்வைக்கு வெளியே, சின்னவளின் பாதம் ஒன்று தெரிந்தது.

"மருந்து உண்டு" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"மாட்டுக்கு மடிவீக்கம் வந்தா மருந்து ஏத்துவோம், டாக்டர். அந்தப் பாலைச் சீஸ்ல சேர்க்கிறதில்லை. சத்தியமா இல்லை. நான்... கன்னுக்குட்டிங்களுக்குக் கொடுத்துடுவேன். கொட்ட மனசு வராம."

"எவ்வளவு நாளா?"

"எப்பவும்தான்."

டாக்டர் அதட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, அந்தக் குட்டிங்க வயித்துல கோடிக்கணக்குல கிருமி இருக்கும். எல்லார் வயித்துலயும் இருக்கிறதுதான். பால்ல மிச்சமிருக்கிற மருந்து தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா, மெலிசானது செத்துப்போகும். தாக்குப்பிடிக்கிறது மட்டும் மிஞ்சி, அதுவே குட்டி போட்டுப் பெருகும். அப்புறம் அந்த மருந்து அதுக்குத் தண்ணி மாதிரி. என்ன மருந்து ஏத்துனீங்க? பேர் தெரியுமா?"

பெயர் அவளுக்குத் தெரியாது. கணவருக்குப் போன் போட்டாள். அவர் தொழுவத்துக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேடி, காலியான மருந்துக் குழாய்களைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, சாணி காயாத பூட்ஸோடு வந்து சேர்ந்தார். வாசல் காவலாளி மடக்கினாராம். "உள்ள விடலைன்னா இங்கேயே கழட்டிட்டு வெறுங்காலோட ஓடுவேன்" என்றாராம். வெறுங்காலோடுதான் வந்து நின்றார்.

டாக்டர் குழாயைத் திருப்பிப் படித்தார்.

"இது நான் இப்ப ஏத்துற மருந்துக்குக் கூடப்பிறந்தது. அடுத்து மாத்தலாம்னு வெச்சிருந்தேனே, அதுவும் இதே குடும்பம்தான். கொடுத்திருந்தா இன்னும் ஒரு நாள் வீணாயிருக்கும்." நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தார். "வேற வகை மருந்து ஒண்ணு கையில இருக்கு. உடனே ஆரம்பிக்கலாம். ஆனா அது சிலருக்குக் காதைக் கெடுக்கும். கேட்கிறது குறையலாம். திரும்பி வராமலும் போகலாம்."

கொழுந்தன் கண்ணாடி வழியாகச் சின்னவளைப் பார்த்தான். காலையிலிருந்து மாலை வரை கடையில் பேசியே பிழைக்கிறவன்.

"காது போனா போகட்டும்" என்றான் கடைசியில். "அவ இருக்கட்டும்."

டாக்டர் போன பிறகு அவன் பெரியவளிடம் வந்தான். "ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லலை?"

"சொல்ற விஷயம்னே தோணலை, தம்பி."

"நான் ஊருக்கே பொய் சொல்லிட்டு நின்னிருக்கேன்" என்றான். அதற்குமேல் அவளைப் பார்க்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்தது சின்னவளின் வயிற்றுக்கு எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு அவள் அப்போது போகவில்லை. சின்னவள் தொழுவத்துப் பக்கம் போயிருப்பாள், குட்டியைத் தடவியிருப்பாள் என்று விட்டுவிட்டாள். விடை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தது.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். குளிர்ப்பெட்டியும் பஞ்சுக் குச்சிகளும் கொண்டுவந்திருந்தாள். கட்டிகளின் தோல், மரப்பலகை, துணி, உப்புநீர் எல்லாவற்றிலும் துடைத்து எடுத்துக் குப்பிகளில் போட்டுக்கொண்டாள். அறை பளிச்சென்று இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினாள். "இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிற இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லைங்க" என்றாள். பெரியவளுக்குச் சற்றே மூச்சு வந்தது.

பிறகு அந்தப் பெண் முக்காலியைப் பார்த்தாள்.

"அது என்ன வாளி?"

"கன்னுக்குட்டிங்களோடது."

"இங்க எதுக்கு?"

"பாலைச் சூடு பண்ண. சில்லுனு கொடுத்தா அதுங்களுக்கு..."

சொல்லிக்கொண்டிருந்த பெரியவள் பாதியில் நிறுத்தினாள். வந்த பெண்ணின் கண்கள் வாளியிலிருந்து உப்புநீர்க் கிண்ணத்துக்குப் போயின. அங்கிருந்து பலகைகளில் வரிசை வரிசையாக இருந்த கட்டிகளுக்குப் போயின. பெரியவளின் கண்களும் அதே பாதையில் போயின. வாளியின் அடியில் ஒட்டி வந்த ஈரம், முக்காலியில் சொட்டிய சொட்டு, அவள் கழுவிய கையால் மீண்டும் தூக்கிய கைப்பிடி. அங்கிருந்து துணி, துணியிலிருந்து உப்புநீர். முதிர்ந்த கட்டி, அடுத்த கட்டி, கடைசியில் நேற்றைய இளசு. நல்ல உயிர்கள் ஏறட்டும் என்று அவள் போட்டு வைத்த படிக்கட்டில் மற்றதும் ஏறியிருக்கிறது. ஒரு படிகூடத் தவறாமல் அவள்தான் கைபிடித்து ஏற்றிவிட்டிருக்கிறாள்.

முடிவு போனில் வந்தது. கிருமி உப்புநீரில் இருந்தது, துணியில் இருந்தது, துடைத்து எடுத்த எல்லாக் கட்டிகளிலும் இருந்தது. சின்னவளின் ரத்தத்தில் வளர்ந்ததும் அதுவும் அச்சு அசலாக ஒன்று.

"நாங்களும் அதைத்தானே சாப்பிட்டோம்? எங்களுக்கு ஒண்ணுமில்லையே" என்றார் கணவர், போனைப் பிடுங்கி.

"உங்க வயித்துலயும் இருக்கலாம், ஐயா. இருக்கிறதே தெரியாது. சில பேருக்குள்ள காலம் பூரா சும்மா கிடக்கும். உங்க வீட்டுப் பொண்ணுக்குள்ள அதுக்குச் சிறுநீரகத்துக்கு வழி கிடைச்சிருக்கு, அவ்வளவுதான். கடையில வித்தவங்களுக்கு நாங்க அறிவிப்புக் கொடுக்கிறோம். வேற யாருக்காவது கொடுத்திருக்கீங்களா?"

பெரியவள் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேறு யாருக்கு? தெருவில் யாருக்கு இல்லை? கடையில் விற்றது கொழுந்தனுக்குத் தெரியும். ஓரம் உடைந்தது, வடிவம் கோணியது, அவற்றையெல்லாம் அவள் தாளில் சுற்றி, போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவாள். நெஞ்சு பலவீனமான தையல்காரருக்கு. ரொட்டிக் கடையில் நிற்கிற, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையைச் சுமக்கிற பெண்ணுக்கு. புருஷன் இல்லாமல் நாலு பிள்ளைகளை வளர்க்கும் சலவைக்காரிக்கு. யாருக்கு உடம்பு முடியவில்லையோ, யாருக்குக் கை வறண்டிருக்கிறதோ, அவர்களாகப் பார்த்துத் தேடித் தேடிக் கொடுத்திருக்கிறாள். எந்த அறிவிப்பும் அந்த வீடுகளின் கதவைத் தட்டாது.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து சட்டை மாற்ற வந்தவன், போனில் பேசியதைக் கேட்டிருக்கிறான்.

"எங்க போறீங்க?"

சொன்னாள்.

அவன் முகம் கல்லாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டையை மாற்றாமலே கூட நடந்தான். "தனியாப் போய் நின்னா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க" என்றான். "பேசறது என் வேலை."

ஆனால் முதல் கதவிலேயே அவள் அவனைப் பேச விடவில்லை. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுவதையும் கேட்டார்.

"சாப்பிட்டுட்டேனேம்மா. நல்லா இருந்துச்சே!" என்றார் பரிதாபமாக, ஏதோ அவர்தான் தப்புச் செய்துவிட்டதைப் போல. காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். சொல்கிறேன் என்றார். பிறகு அவர்கள் படியிறங்கும்போது, "இந்தாம்மா, வீட்டுல அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

சலவைக்காரி எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இவர்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு முன்னால் நின்றே பெரியவள் மீதியைச் சொல்லி முடித்தாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ரொட்டிக் கடைப் பெண் மட்டும் முழித்தாள். முகம் சிவந்தது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இப்ப அந்த வாசனையே ஒத்துக்கலை. நீங்க ஆசையா கொடுத்ததை வேண்டாம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நல்லாயிருப்பே, தாயி! நல்லாயிருப்பே!" என்று பெரியவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கொழுந்தனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, இருமினான். எங்கள் சீஸைக் குப்பையில் போட்டதற்கு முதல்முறையாக நன்றி சொல்கிறோம் என்று முணுமுணுத்தான். சின்னவள் படுத்ததற்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அது.

கட்டிகள் அனைத்தையும் மஞ்சள் பைகளில் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எரிக்கப் போகிறார்கள் என்று கேள்வி. அவள் போய்ப் பார்க்கவில்லை.

புது மருந்து ஏறி மூன்றாம் நாள் சின்னவளின் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்தாள், தண்ணீர் கேட்டாள், நர்ஸிடம் தலையணை கல்லாக இருக்கிறது என்று சண்டை போட்டாள். சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பெரியவள் கடவுளுக்கு நன்றி சொல்லத் தெரியாமல், வீட்டில் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

"சீஸ் விஷயத்தை அவகிட்ட நான் சொல்லலை" என்றான் கொழுந்தன். "நான் சொன்னா கோபத்துல சொல்லிடுவேன். நீங்களே சொல்லுங்க."

பார்வை நேரத்தில் போனாள். நீளமான வார்டு, கட்டிலுக்குக் கட்டில் சொந்தக்காரர்கள், ஆரஞ்சுப் பழம், பேச்சுச் சத்தம். வாசலில் நர்ஸ் அவள் கையில் கிருமிநாசினியைப் பிழிந்துவிட்டாள். பெரியவள் நகக்கண் வரை தேய்த்தாள். காய்ந்த பிறகும் தேய்த்தாள். "போதும்மா, தோல் போயிடும்" என்று நர்ஸ் அவள் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினாள்.

சின்னவள் பாதியாகியிருந்தாள். பார்த்ததும் சிரித்தாள். பெரியவள் உட்காரவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காதபடி மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். கன்றுக்குட்டி, வாளி, உப்புநீர், முதல் துண்டு. கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. சொல்லி முடித்தாள்.

சின்னவள் தலையைச் சாய்த்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொன்னீங்க? சத்தமா சொல்லுங்க. ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. மருந்து அப்படித்தான் பண்ணுமாம்."

பெரியவள் திகைத்து நின்றாள். காது கெடலாம் என்று டாக்டர் சொன்னபோது அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று நினைக்கவில்லை. வார்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உனக்கு வந்த கிருமி நம்ம சீஸ்லேருந்து வந்தது!" என்றாள் உரக்க. பக்கத்துக் கட்டிலில் பழம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "மருந்து போட்ட மாட்டுப் பாலைக் கன்னுக்குட்டிக்குக் கொடுத்தேன்! அதுங்க நக்கின வாளியைச் சீஸ் அறையில வெச்சேன்! அதுலேருந்து எல்லாக் கட்டிக்கும் போயிடுச்சு! முதல் துண்டை வெட்டி உன் கையில கொடுத்ததும் நான்தான்!"

வார்டே அடங்கிப்போயிருந்தது. யாரோ ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது.

சின்னவளின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் வெறுமையாயிற்று. தன் காதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கா?" என்றாள். "எனக்குக் கொடுத்தீங்களா?"

"ஆமா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்குவது போர்வைக்கு மேலே தெரிந்தது. பெரியவள் கம்பியை விடவில்லை. போகச் சொன்னால் போகலாம். சொல்லாதவரை நிற்கலாம் என்று நின்றாள். வார்டில் மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. பார்வை நேரம் முடிவதற்கான மணி அடித்தது. சின்னவளுக்கு அது கேட்டிருக்காது.

"இன்னும் நிக்கிறீங்களா?" என்றாள், திரும்பாமலே.

"நிக்கிறேன்!" என்று பெரியவள் சத்தமாகச் சொன்னாள்.

பிறகு போர்வைக்குள் சின்னவளின் கால்கள் அசைந்தன. முழங்காலை மடக்கி, சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டாள். கட்டிலின் விளிம்பில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது.

பார்வையாளர்களை விரட்ட வந்த நர்ஸ் அதைப் பார்த்தாள். அடுத்த கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள்.